மிச்ச இடம் அல்ல கடல்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் வசிக்கிறேன். எண்ணெய் வண்ணம் பழகுவதற்காக, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் இளைய வில்லெம் வான் டி வெல்டேயின் 'பீரங்கி வெடி' ஓவியத்தைக் கட்டம் போட்டு மூன்று மாதமாகப் பிரதி எடுத்துவருகிறேன். கப்பலைக் கயிறு கயிறாக முடித்துவிட்டேன். சுற்றிலும் கடலை நிரப்பினால் கோரைப்பாய் போலத் தட்டையாக இருக்கிறது. எந்த நீலம் வாங்க வேண்டும்? பிரதி எடுப்பது திருட்டு என்று நண்பர் ஒருவர் சொல்வதும் உறுத்துகிறது.

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். அந்த ஓவியரின் தந்தை போர் நடக்கும் கடலுக்கே படகில் போய்க் கப்பல்களைத் தாளில் வரைந்து வருவார். மகன் அந்தக் கோட்டுச்சித்திரங்களைப் பார்த்து வண்ணம் தீட்டிப் பழகியவர். அந்த மகனின் ஓவியம் ஒன்றுக்கு இணையாக வேண்டுமென்று கேட்கப்பட்டுத்தான் ஆங்கில ஓவியர் டர்னர் டச்சுப் படகுகளைச் சூறைக்காற்றில் வரைந்து 1801-இல் காட்சிக்கு வைத்தார். நீலத்தையும் விடுங்கள்.

என்னைச் சுட்டது 'நிரப்பினால்' என்ற உங்கள் சொல். கப்பலை முடித்துவிட்டு மிச்ச இடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கடல் என்ன வீட்டுச் சுவரா? 1680 வாக்கில் வரையப்பட்ட அந்தப் படத்தில் காற்றே இல்லை. பாய்கள் துவண்டு தொங்குகின்றன. மூன்று மாதம் பார்த்தும் அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே!

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, நாகப்பட்டினத்தில் தாய்மாமாவின் பாய்த்தோணியில் ஒரு தை மாத விடியலில் போயிருந்தேன். கரை கண்ணுக்கு மறைந்ததும் காற்று விழுந்துவிட்டது. ஈரத்துணியாய் மரத்தோடு ஒட்டிக்கிடந்த பாயை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மாமா என் தலையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார். பாய்மரத்தின் நிழல் நேராக நிற்கவில்லை. அலையே இல்லாதது போலிருந்த நீரின் மெல்லிய ஏற்ற இறக்கத்தில் அது மூன்று துண்டாக முறிந்து, மறுபடி கூடி, மறுபடி முறிந்தது. தொலைவில் ஓரிடம் மட்டும் கறுத்துச் சிலிர்த்தது. "காத்து அங்கன வருது பாரு" என்றார். பாய் அசைய அதற்குப் பிறகும் வெகுநேரம் ஆயிற்று.

ஆகவே புதுக் கேன்வாஸில் கப்பலைக் கடைசியாக வையுங்கள். தொடுவானம் அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கிறது. வானத்தையும் நீரையும் வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சாக ஒரே நாளில், ஈரம் காயும் முன் சேர்த்தே தீட்டுங்கள். அது காய்ந்த பிறகே கயிறுகள். வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். என் முதல் பிரதியில் இதைத் தலைகீழாகச் செய்தேன். கோடையில் வாய்க்கால் வற்றிய வயலைப் போலக் கடல் முழுதும் பாளம் பாளமாக வெடித்தது. எனக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டியவர் சொல்லவில்லை. உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம்.

வரைந்த கப்பலை அழித்துவிடாதீர்கள், அதில் உங்கள் மூன்று மாத உழைப்பு இருக்கிறது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் விடியுமுன்னே நாகப்பட்டினம் கரைக்குப் போங்கள். தூரிகை வேண்டாம். நிற்கும் படகொன்றின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்குக் கீழே தண்ணீர் எங்கே கறுக்கிறது, எங்கே வெளுக்கிறது என்று பார்த்துவந்து எனக்கு எழுதுங்கள்.