கையால் எழுதிய சீட்டா, கம்ப்யூட்டர் சீட்டா? ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

எங்கள் டாக்டர் இப்போது கம்ப்யூட்டரில் அடித்துத்தான் தருகிறார். இனி தப்பே வராதுதானே?

குறையும், ஒழியாது. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் கம்ப்யூட்டருக்கு மாறியபின் கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. படிக்கிற தப்பு போய்விடும். தேர்ந்தெடுக்கிற தப்பு இருக்கும். முதல் மூன்று ஆங்கில எழுத்தை அடித்ததும் மெட்ஃபார்மின், மெட்டோப்ரோலால் என்று வரிசையாக இறங்கும். விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் பிரஷர் மாத்திரை, அதுவும் அழகாக அச்சாகி வரும். கிறுக்கல் என்றால் சந்தேகப்பட்டு டாக்டருக்குப் போன் போடுவோம். அச்சைப் பார்த்தால் அந்தச் சந்தேகமே எழாது. எனக்கு அதுதான் பயம்.

ஒருமுறை ஒரு பாட்டி கொண்டுவந்த சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட், 1-0-0, தினமும். "எதுக்கும்மா இது?" என்றேன். "மூட்டுக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சாப்பிடுவேன்" என்றார். வாரம் ஒருமுறைக்கான மாத்திரை அது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கும். டாக்டருக்குப் போன் செய்தோம். 'தினமும்' என்பது மென்பொருள் தானாகப் போட்டது.

கையெழுத்து அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். இங்கிலாந்தில் அமாக்ஸில் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதியது டயோனில் என்று படிக்கப்பட்டது. டயோனில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. சர்க்கரை நோயே இல்லாதவருக்கு மூளை நிரந்தரமாகப் பாதித்தது. 1989 தீர்ப்பில் டாக்டருக்கு 25 சதவீதப் பொறுப்பு, மருந்தாளுநருக்கு 75. அளவும் எண்ணிக்கையும் டயோனிலுக்குப் பொருந்தவில்லையே, ஏன் கேட்கவில்லை என்பதுதான் காரணம். எங்கள் தொழிலில் எல்லோரும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

இன்சுலினில் 10-ஐ ஒட்டி ஆங்கில 'யு' எழுதினால், வாய் மூடிய 'யு' பூஜ்யமாகி 100 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

தெளிவாக எழுத விதி இருக்கிறதா?

இருக்கிறது. மருந்தின் ஜெனரிக் பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயராக இல்லாத பொதுப்பெயரை, தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது.

அம்மா மூன்று டாக்டர்களிடம் பார்க்கிறார். எல்லாம் அச்சுச் சீட்டுதான். போதுமா?

போதாது. ஒரு டாக்டரின் கம்ப்யூட்டருக்கு மற்ற டாக்டர் கொடுத்தது பெரும்பாலும் தெரியாது. இதய டாக்டர் தரும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு எலும்பு டாக்டர் தரும் வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். சரி, என்ன செய்வது? சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, மூவரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம், ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சொல்லி, அது பதிவானதா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.