கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்ச்: பெட்டி ஜூஸா, பன்னீர் திராட்சையா?

கேள்வி: டிசம்பர் 24 இரவு, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து 25 பேர் வீட்டுக்கு வருகிறார்கள். குழந்தைகளும் உண்டு. மது சேராத, நல்ல சிவப்பு நிறத்தில் பன்ச் (பழச்சாறுகள் கலந்த பானம்) கொடுக்க ஆசை. ‘மிக்ஸ்டு ஃப்ரூட்’ பெட்டிகளை வாங்கி சோடா ஊற்றினால் போதுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போதாது. பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘ஃப்ரூட் டிரிங்க்’ என்று இருந்தால் அதில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். எலுமிச்சை என்றால் 5 சதவீதம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளதைத்தான் முதலில் எழுத வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை என்று வந்தால், நீங்கள் காசு கொடுப்பது சர்க்கரைத் தண்ணீருக்கு. அதில் சோடாவும் சேர்ந்தால் பழத்தின் ருசி எங்கே நிற்கும்? நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து விற்பவர்கள் ‘100% பழச்சாறு’ என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அப்படிப் போட்ட பழைய சரக்கைக் கண்டால் வாங்காதீர்கள்.

நமக்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, ஆண்டு முழுக்கக் கிடைப்பது. நிறமும் மணமும் அதிலேயே இருப்பதால் கலர் பவுடரும் எசென்ஸும் தேவையில்லை.

ஆளுக்கு 150 மில்லி வீதம் இரண்டு டம்ளர் என்றால் ஏழரை லிட்டர். திராட்சை 3 கிலோ வாங்கிக் காம்பு நீக்கிக் கழுவி, முக்கால் லிட்டர் தண்ணீருடன் எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பில் வையுங்கள். ஓரத்தில் சிறு குமிழ் வரும் பதத்திலேயே பத்து நிமிடம் வைத்து மத்தால் லேசாக மசியுங்கள். தளதளவென்று கொதித்தால் பன்னீர் மணம் போய் ஜாம் வாசனை வந்துவிடும். மிக்ஸியில் அடிக்கவே கூடாது. விதை உடைந்தால் கசக்கும். வெள்ளைத் துணியில் வடித்தால் சுமார் இரண்டரை லிட்டர் சாறு கிடைக்கும். புளிப்புச் சாற்றுக்குப் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் ஆகாது.

தனியாக 900 மில்லி தண்ணீரில் தட்டிய இஞ்சி 30 கிராம், இரண்டு அங்குலப் பட்டை, ஆறு கிராம்பு போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். கிராம்பு இரவெல்லாம் ஊறினால் பல்வலி மருந்து போல் ஆகிவிடும். 300 கிராம் சர்க்கரையை 300 மில்லி வெந்நீரில் கரைத்தால் ஏறக்குறைய அரை லிட்டர் பாகு. இவை மூன்றையும் 23-ஆம் தேதியே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

கமலா ஆரஞ்சுச் சாறு ஒரு லிட்டர் வேண்டும். இரண்டரை முதல் மூன்று கிலோ பழம் பிடிக்கும். இதை மட்டும் அன்றைக்கே பிழியுங்கள், நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். எலுமிச்சை பத்துப் பழம், 200 மில்லி சாறு. புளிப்புக்கு மட்டுமல்ல, திராட்சைத் தோலின் நிறம் புளிப்பில்தான் சிவப்பாகத் தெளியும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரில் அதே சாறு நீலம் பாய்ந்து மங்கிப்போகும். அதனால் எல்லாவற்றுக்கும் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

பாகை முழுவதும் ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். முக்கால் பங்கு ஊற்றி, சில்லென்று ஆன பிறகு ருசி பாருங்கள். குளிர்ச்சியில் இனிப்பு குறைவாகத் தெரியும். ஐஸ் உருகினால் இன்னும் குறையும்.

சாதா சோடா 600 மில்லி பாட்டில் நான்கு போதும். வெதுவெதுப்பான சோடாவில் கேஸ் நிற்காது, சாறும் சோடாவும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆட்கள் வந்த பிறகு, மூன்று தடவையாகப் பிரித்து, கிண்ணத்தின் ஓரமாகச் சரித்து ஊற்றி ஒரே ஒரு சுற்றுக் கிளறுங்கள். மிதக்கவிடும் திராட்சையை நீளவாக்கில் வெட்டிப் போடுங்கள். முழுப் பழம் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: மீன் மார்க்கெட் பக்கம் பார் ஐஸ் மலிவாகக் கிடைக்கிறது. கழுவிவிட்டுப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது மீன் கெடாமல் இருக்கச் செய்த ஐஸ், எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று தெரியாது. கழுவினால் மேற்புறம்தான் போகும், உள்ளே உள்ளது அப்படியே இருக்கும். உண்ணத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே ஒரு ஐஸ் நல்லதாகிவிடாது. கடையில் வாங்கினால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அச்சிட்ட, சீல் வைத்த பையாக வாங்குங்கள். அதைவிட நல்லது, இரண்டு லிட்டர் டப்பாவில் குடிநீர் நிரப்பி முந்தைய நாளே ஃப்ரீசரில் வைப்பது. ஒரே பாளமாக இருந்தால் சின்னக் கட்டிகளைவிட மெதுவாக உருகும்; பன்ச் சீக்கிரம் நீர்த்துப்போகாது.

கேள்வி: ‘புகை வரும் பன்ச்’ என்று டிரை ஐஸ் விற்கிறார்கள். கிண்ணத்தில் போடலாமா?

பதில்: குடிக்கும் கிண்ணத்தில் போடாதீர்கள். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. ஒரு துணுக்கு வாய்க்குள் போனாலும் வெந்து புண்ணாகும். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய் மணக்கத் தரும் பொருள் என்று டிரை ஐஸைக் கொடுத்து, சாப்பிட்டவர்கள் இரத்த வாந்தி எடுத்தார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டே வேண்டாம்.

கேள்வி: குளிர்ந்த சோடாவுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ‘கூலிங் சார்ஜ்’ கேட்கிறார் கடைக்காரர். கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. குளிர வைத்ததற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பில் கேட்டு வாங்குங்கள், பாட்டிலின் விலை தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் சொல்லலாம். மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் புகார் எழுதிக் கொடுக்கலாம். பில் தர மறுத்தால் கடையின் பெயர், தேதி, நேரத்தைக் குறித்துப் புகாரில் சேருங்கள்.