அட்டைப்படத்துக்கு அனுமதி

கேள்வி: எங்கள் பகுதிக் கண்மாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, நானே பதிப்பிக்கப் போகிறேன். இணையத்தில் கண்ட ஒரு படத்தை, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு அட்டையில் போடலாமா?
- சிவகங்கை வாசகர்

பதில்: பெயர் போடுவது மட்டும் அனுமதி ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின், ஒளிப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே தரும் பொது அனுமதி) வந்த படமா என்று முதலில் பாருங்கள். உரிமத்தில் ‘பிஒய்’ (BY, பெயர் குறிப்பிட வேண்டும்) மட்டும் என்றால், எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதன் இணைப்பு, செய்த மாற்றம் ஆகியவற்றை உள்பக்கத்தில் அச்சிட்டு நூலை விற்கலாம். ‘என்சி’ (NC, வணிகத்துக்கு அல்ல) இருந்தால் விற்பனை நூலுக்கு வேண்டாம்.

எடுத்தவரிடமே எழுதி வாங்குவதுதான் நல்லது. எந்தப் படம், அட்டைக்கா உள்ளேயா, அச்சு, மின்னூல், விளம்பரம், மறுபதிப்பு, தொகை எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். காலத்தையும் எல்லையையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் கொள்ளும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வாசகர் உள்ள தமிழ் நூலுக்கு அது போதாது.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள். சுருங்கி, அச்சில் மங்கும். மூலக்கோப்பை மின்னஞ்சலில் கேளுங்கள். 5.5×8.5 அங்குல முன்னட்டைக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் 1650×2550 பிக்சல் தேவை. ஓரம் வெட்டுவதற்கு 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். தலைப்பு விழும் இடத்தில் வெறும் வானமோ நீர்ப்பரப்போ உள்ள படமாகத் தேர்ந்தெடுங்கள்.