தரம் 3 மகனுக்கு வகுப்புப் பாடம் போதவில்லை என்றால்

சகோதரி, இலங்கை மலையகத்தில் அட்டனில் தரம் 3 படிக்கும் மகன் தரம் 5 கணக்கையே செய்துவிடுகிறான், வகுப்பில் சலித்துப்போய் இருப்பதை டீச்சர் குழப்படி என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளும் அப்படித்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்து எல்லார் கிலோவையும் மனதிலேயே கூட்டிச் சொல்வாள்.

முதலில் அவன் கணக்குக் கொப்பியை டீச்சரிடம் காட்டி, தனியாக வேலை கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிமனையில் கணித ஆசிரிய ஆலோசகரைப் பாருங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் மேல் வகுப்புப் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான டியூஷன் வகுப்புக்கு மட்டும் இப்போதே அனுப்பிவிடாதீர்கள், பிள்ளை விளையாடட்டும். அப்புறம், இதே மாதிரிப் பிள்ளையுள்ள இன்னொரு தாயைத் தேடிப் பிடியுங்கள். எனக்கு அதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது.