வராத டைரக்டரை வந்ததாக எழுதிய மினிட்ஸ்: இனி போர்டு மீட்டிங்கை எப்படி நடத்துவது?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சிஎன்சி ஜாப் வொர்க் செய்யும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. நான், மச்சான், பழைய நண்பர் ஒருவர் என மூன்று டைரக்டர்கள். நண்பருக்கு 30 சதவீதப் பங்கு உண்டு, இப்போது கோவையில் இருக்கிறார். புது மெஷினுக்கு லோன் கேட்டால் பேங்கில் போர்டு தீர்மானம் கேட்கிறார்கள். இதுவரை ஃபைலிங் பார்க்கும் ஏஜென்ட்தான் மினிட்ஸை (கூட்டத்தில் நடந்ததன் பதிவை) டைப் செய்து கொண்டுவருவார், நான் கையெழுத்துப் போடுவேன். அதில் நண்பரும் கலந்துகொண்டதாக இருக்கிறது. அவரோ "நான் எந்த மீட்டிங்குக்கும் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை" என்கிறார். "ஒரு வருஷம் வரவில்லை என்று மாற்றிவிட்டால் அவர் பதவி தானாகப் போய்விடும்" என்று ஏஜென்ட் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. வந்ததாகக் கையெழுத்தான மினிட்ஸை வரவில்லை என்று மாற்றினால் அது ஆவணத்தைத் திரித்த குற்றம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் அதற்கு 2 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. மாட்டப்போவது கையெழுத்துப் போட்ட நீங்கள். டைப் செய்து கொடுத்தவர் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

ஏஜென்ட் சொல்லும் விதி சட்டத்தில் இருப்பதுதான். 167-ஆம் பிரிவின்படி, 12 மாதத்தில் நடந்த எல்லா போர்டு மீட்டிங்குக்கும் வராத டைரக்டர் பதவி இழப்பார். பார்ட்னரை வெளியே தள்ள நினைப்பவர்களுக்கு ஏஜென்டுகள் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பொதுவாக ஒரு கம்பெனி வருடத்துக்கு 4 போர்டு மீட்டிங்காவது நடத்த வேண்டும், இரண்டு மீட்டிங்குக்கு நடுவே 120 நாளுக்கு மேல் போகக்கூடாது. உங்களைப் போன்ற சிறிய கம்பெனிகளுக்கு மட்டும் சலுகை உண்டு: ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்று, ஜூலை முதல் டிசம்பர் வரை ஒன்று போதும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 90 நாள் இருக்க வேண்டும். அங்கே 120 நாளுக்கு மேல் கூடாது, இங்கே 90 நாளுக்குக் குறையக்கூடாது, இதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று வைத்தால் சரி. ஜூன் 20-ல் ஒன்று, ஜூலை 5-ல் ஒன்று, அவ்வளவுதான் அந்த வருடத்துக்கு என்றால் சரியில்லை. லோனுக்காக நடுவில் மூன்றாவதாக ஒன்று வைப்பதற்குத் தடை கிடையாது. 2025 டிசம்பரில் உயர்த்திய 10 கோடி மூலதனம், 100 கோடி விற்றுமுதல் என்ற வரம்புக்குள் இருந்து, வேறு கம்பெனிக்குத் தாய்க் கம்பெனியாகவோ துணைக் கம்பெனியாகவோ இல்லாமல் இருந்தால் நீங்கள் சிறிய கம்பெனிதான். இந்தச் சலுகையையே ஆயுதமாக்குகிறார்கள்: வருடத்துக்கு இரண்டே மீட்டிங், இரண்டுக்கும் நோட்டீஸ் அனுப்பாமல் விட்டுவிட்டு "வரவில்லை" என்று எழுதினால் ஆள் காலி. பிறகு 30 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் 241-ஆம் பிரிவின் கீழ் பெங்களூரு கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போவார். அங்கே "நோட்டீஸ் அனுப்பியதற்கு ஆதாரம் எங்கே" என்று கேட்டால் உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் உங்கள் லோனுக்கு அவரைத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. மூன்று டைரக்டரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, வந்துவிடும். நீங்களும் மச்சானும் சரி என்றால் பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறும். அவர் வராவிட்டாலும் கூட்டம் செல்லும், ஆனால் அவருக்கு நோட்டீஸ் போகாவிட்டால் செல்லாது. ஒரே ஒரு டைரக்டருக்கு நோட்டீஸ் போகாத கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது.

அதனால் நோட்டீஸை நீங்களே அனுப்புங்கள், ஏஜென்டிடம் விடாதீர்கள். குறைந்தது 7 நாள் முன்னால், எழுத்தில், கம்பெனியில் பதிவாகியிருக்கும் அவருடைய முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ போக வேண்டும். இரண்டுக்கும் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் மின்னஞ்சல் நகலையும் ஃபைலில் போடுங்கள். அஜெண்டாவில் "லோன் பற்றிப் பேசுதல்" என்று ஒற்றை வரி போட்டால் பிரயோஜனமில்லை. எந்த மெஷின், கொட்டேஷன் எவ்வளவு, எந்த பேங்க், என்ன வட்டி, எதை அடமானம் வைக்கிறோம், மாதத் தவணை எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பினால், உட்காரும்போது மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவீர்கள். டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசிவிட்டு எழுந்து போகும்போது ஆளுக்கொரு முடிவோடு போகிற கதை அப்போதுதான் நிற்கும். கோவையிலிருந்து வீடியோவில் வரலாம் என்பதையும் நோட்டீஸில் சொல்லுங்கள். அதுவும் கோரத்தில் சேரும், ஆனால் ரெக்கார்ட் ஆகவேண்டும், அந்த வருட ஆடிட் முடியும்வரையாவது அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். கடன் வாங்கும் முடிவை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் "ஓகே" போட்டு எடுக்க முடியாது. கடன் வாங்குவதை போர்டு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 179-ஆம் பிரிவு சொல்கிறது.

கூட்டத்தில் ஒருவர் தலைமை ஏற்று அஜெண்டாவை வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன முடிவு என்பதை அடுத்ததற்குப் போகும் முன்பே எழுதி, அங்கேயே உரக்கப் படித்துக் காட்டுங்கள். நண்பர் எதிர்த்தால் எதிர்த்தார் என்று பெயரோடு எழுதுங்கள், சட்டமே அப்படித்தான் கேட்கிறது. அவருக்கும் அது பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. நேரில் வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேடு உங்களிடம் இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லை. 15 நாளுக்குள் வரைவு மினிட்ஸ் மூன்று பேருக்கும் போக வேண்டும், திருத்தம் சொல்ல அவர்களுக்கு 7 நாள் உண்டு, 30 நாளுக்குள் பக்க எண் போட்ட மினிட்ஸ் புக்கில் ஏற வேண்டும். தாளை ஒட்டி வைக்கக்கூடாது. பேங்க் கொடுக்கும் தீர்மானப் படிவத்தில் தேதி காலியாக இருக்கும், அதில் கூட்டம் நடந்த தேதியைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. பேங்க் டைரக்டர்களிடம் தனிப்பட்ட ஜாமீனும் கேட்கலாம். போர்டு தீர்மானம் கம்பெனியைக் கட்டுப்படுத்துமே தவிர நண்பரை ஜாமீன்தாரர் ஆக்காது, அதற்கு அவரே கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன் போன் போட்டுப் பேசிவிடுங்கள்.

பழைய மினிட்ஸைக் கிழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். புதுக் கூட்டத்தில் அவருடைய ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். முன்பு உண்மையாகவே எடுத்த முடிவுகள் இருந்தால், முறையாகக் கூடிய இந்தக் கூட்டத்தில் அவற்றை ஏற்று உறுதிப்படுத்தலாம். அந்தப் பொய்த் தேதிகள் ஆண்டு அறிக்கையிலும் போயிருக்கும், அதை எப்படிச் சரிசெய்வது என்று பிராக்டிஸ் செய்யும் கம்பெனி செக்ரட்டரி ஒருவரிடம் மினிட்ஸ் புக்கோடு நேரில் போய்க் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த அமைப்பின் மேல்தான். ஆண்டு அறிக்கை ஒரு நாள் தாமதமானாலும் நாளுக்கு 100 ரூபாய் கட்டணம் ஏறுகிறது, ஆனால் அதில் எழுதிய தேதியில் யாராவது உண்மையில் உட்கார்ந்து பேசினார்களா என்று தகராறு வரும்வரை யாரும் கேட்பதில்லை. 10 கோடி மூலதனத்துக்குக் கீழே உள்ள பிரைவேட் கம்பெனிக்கு முழுநேர கம்பெனி செக்ரட்டரி கட்டாயம் இல்லை. அறிக்கைகளைத் தாக்கல் செய்யும் அரசு போர்ட்டலைப் பார்த்தாலே பட்டறைக்காரர்களுக்குப் பயம். அந்த இடத்தில்தான் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இந்த ஏஜென்டுகள் வந்து உட்காருகிறார்கள்.

உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மச்சானுடையது, நண்பருடையது மூன்றும் ஏஜென்டின் மேசை டிராயரில் இருக்கும் என்று நினைக்கிறேன். லோன் வேலையைத் தொடங்கும் முன் அவற்றையும், மினிட்ஸ் புக்கையும், போர்ட்டல் பாஸ்வேர்டையும் வாங்கிவிடுங்கள். நண்பருடைய டோக்கனை அவருக்கே கூரியரில் அனுப்பி, பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.