குடோன் கூரை ஒழுகல்: ஷீட்டை மாற்றும் முன் ஒரு வார்த்தை

வணக்கம். பத்து வருடத் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, மேஸ்திரி எல்லா ஷீட்டையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்தான் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஷீட் துருப்பிடித்து அரிக்காதவரை ஸ்க்ரூவை வாஷரோடு மாற்றினாலே போதும். பழைய துளையில் அதே அளவு பிடிக்காது, ஒரு சைஸ் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பாதீர்கள். தண்ணீர் கூரையின் இரும்புச் சட்டத்தில் வழிந்து வேறெங்கோ சொட்டும். ஹோஸ் பிடித்து, சரிவின் கீழிருந்து மேலாக மெல்ல நனைக்கட்டும். ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். கூரையின் மழைநீர்க் கால்வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் குடோனில் பாதி ஒழுகல் அதனால்தான்!

வேலை நாளில் இரும்புத் தூள் கொட்டும், சரக்கைத் தார்ப்பாயால் மூடுங்கள். வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. வெயில்பட்டு நொறுங்கும் நிலையில் இருக்கும். பாதுகாப்பு பெல்ட் போடாத ஆளை மேலே ஏற்றவே வேண்டாம்.

அப்புறம், கடைசித் தவணைப் பணம், முதல் நல்ல மழைக்குப் பிறகுதான் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.