அக்காவிடம் கேளுங்க: பத்து மணி கிளாஸுக்கு ஆளே வரல

கேள்வி: அக்கா, நான் மதுரைப் பக்கம். இலங்கையில தேயிலைத் தோட்டம் இருக்கிற ஹட்டன் கிட்ட ஒரு பெண்கள் அமைப்புல வாலண்டியரா வந்திருக்கேன். காலைல பத்து மணிக்கு தையல் கிளாஸ், குடும்ப வன்முறை சட்டம் பத்தி கூட்டம்னு வச்சா ரெண்டு மூணு பாட்டிங்கதான் வர்றாங்க. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடுங்க) போனா சிரிச்சு தேத்தண்ணி தர்றாங்க, ஆனா வீட்டுல பிரச்சினை இருக்கானு கேட்டா ஒண்ணுமே இல்லங்குறாங்க. இவங்களுக்கு ஆர்வமே இல்லையோ?

பதில்: தங்கச்சி, பத்து மணிக்கு அவங்க மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்பாங்கம்மா! விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு ரொட்டி தட்டி, புள்ளைய பிள்ளைக் காம்பராவுல (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்டுட்டு, பெரட்டுக்கு (காலைல பேரு பதிஞ்சு வேலை பிரிக்கிற இடம்) ஓடி, மழை பெஞ்சாலும் அட்டை கடிச்சாலும் சாயந்திரம் கொழுந்து நிறுவை முடியற வரைக்கும் அங்கதான். 2024ல நாட்சம்பளம் 1350 ரூபாய்னு ஆச்சு, சரி, ஆனா தோட்டத்துல சொல்ற கிலோ வரலைன்னா அரைப் பேருதான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும், அப்போ உங்க கிளாஸுக்கு வந்து உக்காந்தா அந்த அரைப் பேரை யாரு குடுப்பா? பாட்டிங்க வர்றாங்கன்னா அவங்க தோட்ட வேலையில இருந்து ஓய்வு எடுத்து வீட்டுல இருக்கிறவங்க, அதான் விஷயம். ராத்திரி சமையலுக்கு முந்தி ஒரு அரை மணி நேரம், இல்லாட்டி ஞாயித்துக்கிழமை டவுனுக்கு சாமான் வாங்கப் போய் வந்த பொறகு கோயில்கிட்ட வச்சுப் பாருங்க. எந்த நேரம் தோதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க, இத ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்றதே பெரிய கூத்து.

வாய் திறக்கலங்குறது வேற கதை. லயத்துல ஒரு செவுத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம், நீங்க வாசல்ல நின்னு புருஷன் அடிக்கிறாரானு கேட்டா வரிசை பூரா கேக்கும், புருஷன் காதுக்கும் போகும். தண்ணி எடுக்கப் போற வழியில, விறகு பொறுக்கப் போறப்ப கூட நடந்து பேசுங்க, கதை தானா வரும். அப்போ இலங்கையில 2005ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல நீதவான் (மாஜிஸ்திரேட்) கோர்ட்டுல பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம்னு சொல்லுங்க, பெண்கள் உதவிக்கு 1938னு ஒரு நம்பர் இருக்கு, அதையும் மெதுவா சொல்லி வைங்க.

இன்னொண்ணு, "நீங்களும் எங்க ஊருதானே"னு ஆரம்பிக்காதீங்க. பாசமாத்தான் சொல்வீங்க, ஆனா 1948ல இலங்கை அரசாங்கம் இந்த மக்களோட குடியுரிமைய பறிச்சப்ப சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அதேதான், 'நீங்க இந்தியாக்காரங்க'ன்னு. எரநூறு வருஷமா இந்த மலையில கிடந்து உழைச்சவங்க, அவங்க ஊரு இதுதான்.

கேள்வி: நானும் வரலாம்னு இருக்கேன், சம்பளம் இல்லாத வேலைதானே, டூரிஸ்ட் விசா போதுமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: போதாதும்மா. சம்பளம் இல்லைனாலும் வேலை வேலைதான். கூப்பிடுற அமைப்பு எந்த விசாவுக்கு லெட்டர் குடுப்பாங்கன்னு டிக்கெட் போடறதுக்கு முந்தியே கேளுங்க, சரியா பதில் சொல்லாம இழுத்தாங்கன்னா அந்த இடமே வேணாம். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க, நுவரெலியா பக்கம்னா ரெண்டு.